அலை இல்லை, வலி உண்டு

செல்போனைக் காதில் வைத்தால் இருபது நிமிடத்துக்குள் தலை வலிக்கிறது என்று சொன்ன 60 பேரை லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் வரவழைத்தார்கள். அப்படி எந்தத் தொந்தரவும் இல்லாத இன்னும் 60 பேரையும் அழைத்தார்கள். ஒவ்வொருவர் தலையின் பக்கவாட்டிலும் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். மூன்று அமர்வுகள், ஒவ்வொன்றும் 50 நிமிடம். ஓர் அமர்வில் கருவியிலிருந்து வழக்கமான செல்போன் அலை வந்தது. இன்னொன்றில் துடிப்பில்லாத சீரான அலை வந்தது. மற்றொன்றில் ஒன்றுமே வரவில்லை. எந்த அமர்வில் எது என்பது கருவியை மாட்டிக்கொண்டவருக்கும் தெரியாது, பக்கத்தில் இருந்து குறிப்பெடுத்தவருக்கும் தெரியாது.

தலைவலி வந்தது. அலை வந்தபோது வந்தது. அலையே இல்லாதபோதும் அதே அளவுக்கு வந்தது. ஒன்றுமே வராத அமர்வில் சிலருக்குக் கடுமையான தொந்தரவே ஏற்பட்டது. “இப்போது அலை வருகிறதா?” என்று கேட்டார்கள். தொந்தரவு உள்ளவர்களில் உண்மையாகவே அலை வந்தபோது ‘ஆம்’ என்றவர்கள் 60 சதவீதம். வராதபோது ‘ஆம்’ என்றவர்கள் 63 சதவீதம். 2006இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் இந்த முடிவுகள் வெளிவந்தன.

இதைப் படித்ததும், “அப்படியானால் நடிக்கிறார்கள்” என்று முடிவு கட்டத் தோன்றும். அது தவறு. அவர்களுடைய தலைவலி அசல் தலைவலி. அது எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியின் பின்னாலேயே போனால் மனித உடலுக்குள் நடக்கும் மிக நுட்பமான ஓர் ஏற்பாடு கண்ணில் படும். அதே ஏற்பாட்டின் வழியாக அந்த வலியைக் குறைக்கவும் முடியும் என்பது தெரியவரும். அதற்கு மாத்திரை வேண்டாம், எந்த அலையையும் தடுக்க வேண்டாம்.

இந்தத் தொல்லைக்கு ‘மின்காந்த மிகையுணர்வு’ என்று பெயர். மின்கம்பி, கணினித் திரை, செல்போன், வைஃபை பெட்டி இவற்றின் பக்கத்தில் போனாலே உடம்புக்கு ஏதோ செய்கிறது என்பார்கள். முகத்தில் எரிச்சல், தோல் சிவத்தல், விரல்களில் மரமரப்பு, தலைச்சுற்றல், படபடப்பு, தூக்கமின்மை, எதிலும் மனம் நிலைக்காமல் போவது என்று பட்டியல் ஆளுக்கு ஆள் மாறும். ஸ்டாக்ஹோம் வட்டாரத்தில் 1997இல் நடந்த கணக்கெடுப்பில் 1.5 சதவீதம் பேர் தங்களுக்கு இது இருப்பதாகச் சொன்னார்கள். பிரான்ஸின் தேசியச் சுகாதாரப் பாதுகாப்பு முகமை 2018இல் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு மக்களில் 5 சதவீதம், அதாவது சுமார் 33 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது.

இவர்களில் பெரும்பாலோர் ஓரளவு சமாளித்துக்கொள்கிறார்கள். சிலருடைய வாழ்க்கையோ அடியோடு மாறிவிடுகிறது. வேலையை விட்டவர்கள் உண்டு. வீட்டின் மின்இணைப்பையே துண்டித்துக்கொண்டவர்கள் உண்டு. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் கிரீன் பேங்க் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள ரேடியோ தொலைநோக்கிக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று 1958இல் சுற்றுவட்டாரத்தில் சுமார் 34,000 சதுர கிலோமீட்டரை ரேடியோ அமைதி மண்டலமாக அறிவித்தார்கள். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. விண்மீன்களின் மெல்லிய ரேடியோ ஒலியைக் கேட்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பிற்காலத்தில் செல்போன் அலைக்கு அஞ்சிய பலர் ஊரையும் உறவையும் விட்டு அங்கே குடியேறினார்கள். பிரான்ஸின் துலூஸ் நகரில் 2015இல் ஒரு தீர்ப்பாயம், இந்தத் தொல்லையால் வேலை செய்ய முடியாத ஒரு பெண்ணுக்கு மாதம் சுமார் 800 யூரோ உதவித்தொகை வழங்க உத்தரவிட்டது. அவர் படும் பாட்டை அது ஏற்றுக்கொண்டது. அந்தத் துன்பத்துக்குக் காரணம் அலைதான் என்று அது அறிவியல் தீர்ப்புச் சொல்லவில்லை.

புதிய கருவி வந்தால் புதிய உபாதையும் வரும் என்பது பழைய கதை. 1889இலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்று, டெலிபோனை அதிகம் பயன்படுத்துவோருக்குக் காதில் இரைச்சலும் தலைச்சுற்றலும் நரம்பு வலியும் வருவதாக எழுதியது. 1980களில் ஸ்காண்டிநேவிய நாடுகளின் அலுவலகங்களுக்குக் கணினித் திரைகள் வந்தபோது முகம் எரிகிறது என்ற புகார் எழுந்தது. நார்வேயிலும் ஸ்வீடனிலும் அது பெரிய விவாதமானது. பிறகு செல்போன், அதன்பின் கோபுரம், அதற்கும் பின் வைஃபை.

அலைக்கு உண்மையில் எவ்வளவு வலு இருக்கிறது? ஒளியும் செல்போன் அலையும் ஒரே குடும்பம். இரண்டுமே மின்காந்த அலைகள். இரண்டும் சிறு சிறு ஆற்றல் பொட்டலங்களாக வருகின்றன. அப்படி ஒரு பொட்டலத்துக்கு ‘ஃபோட்டான்’ என்று பெயர். 900 மெகாஹெர்ட்ஸ் செல்போன் அலையின் ஒரு ஃபோட்டானில் உள்ள ஆற்றலைப் போல ஏறத்தாழ ஆறு லட்சம் மடங்கு ஆற்றல், இலையின் பச்சை நிறமாக நம் கண்ணுக்குள் புகும் ஒரே ஒரு ஃபோட்டானில் இருக்கிறது. உடல் சூட்டில் நம் மூலக்கூறுகள் ஓயாமல் முட்டி மோதிக்கொள்கின்றனவே, அந்த ஆற்றல்கூடச் செல்போன் ஃபோட்டானைப் போல ஏழாயிரம் மடங்கு. மூலக்கூறுகளை உடைக்கிற சங்கதியே இதில் கிடையாது. திசுவை லேசாகச் சூடாக்கலாம், அவ்வளவுதான். அந்தச் சூட்டுக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் 2012 செப்டம்பரில் கோபுரங்களுக்கு நடைமுறைக்கு வந்த வரம்பு, சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கு. 900 மெகாஹெர்ட்ஸில் அது சதுர மீட்டருக்கு 0.45 வாட். மே மாத உச்சிவெயிலில் நம் மேல் விழுவது சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட்.

இந்தக் கணக்கு மட்டும் போதாது. நாம் அறியாத வழியில் யாரோ சிலருடைய உடல் மெல்லிய அலையையும் உணரக்கூடும் என்ற வாய்ப்பை ஏட்டுக் கணக்கால் மூடிவிட முடியாது. மனிதர்களிடமே சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் ‘இரட்டை மறைப்புச் சோதனை’. சோதிக்கப்படுபவர், சோதிப்பவர் இருவரிடமிருந்தும் விடையை மறைத்துவிடுவது அது. சொல்ல எளிது, செய்யக் கடினம். கருவி லேசாகச் சூடானாலே குட்டு வெளிப்பட்டுவிடும். அது மெல்ல முனகினாலும் அப்படித்தான். ஆய்வாளரின் முகத்தில் ஓர் எதிர்பார்ப்பு தெரிந்தால்கூடப் போயிற்று. இவை ஒவ்வொன்றையும் அடைத்த பிறகே சோதனை சோதனையாகும்.

2010 வரை நடந்த இத்தகைய 46 சோதனைகளை, மொத்தம் 1,175 பேர் கலந்துகொண்டவற்றை, கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த ஜேம்ஸ் ரூபினும் சக ஆய்வாளர்களும் ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். அலையை உணர முடிகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. பிரிட்டனின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை இன்னும் தெளிவானது. “இப்போது அலை வருகிறது” என்று சொல்லிவிட்டுச் செய்தபோது மிகையுணர்வு உள்ளவர்களின் நிலை மோசமாயிற்று. சொல்லாமல் செய்தபோது அந்த வேறுபாடு மறைந்துபோயிற்று. உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட குறிப்பில் இரண்டு செய்திகளையும் சேர்த்தே சொன்னது: அறிகுறிகள் மெய், அவற்றை மின்காந்தப் புலத்தோடு இணைக்க அறிவியல் ஆதாரம் இல்லை.

இனி உடலுக்குள் போவோம். இந்த வரியைப் படிக்கும் இந்த நொடியில் உங்கள் நாக்கு வாய்க்குள் எங்கே படிந்திருக்கிறது என்று கவனியுங்கள். காலணியோ தரையோ உள்ளங்காலை எங்கே அழுத்துகிறது? சட்டைக் காலர் கழுத்தில் உரசுகிறதா? ஒரு நொடி முன்பு இவை எதுவும் உங்களுக்கு இல்லை. நரம்புகள் அப்போதும் செய்தி அனுப்பிக்கொண்டுதான் இருந்தன. மூளை அவற்றை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது. கவனம் திரும்பியதும் உள்ளே விட்டது. புதிதாக ஓர் உணர்ச்சியை உண்டாக்கவே வேண்டாம். உடம்பெங்கும் எப்போதும் இருக்கும் ஆயிரம் சிறு சலசலப்புகளில் ஒன்றின் மீது கவனத்தை வைத்தாலே போதும்.

ஜெர்மனியில் கீசன் நகர ஆய்வாளர்கள் ஒரு பொதுச் சொற்பொழிவையே சோதனைக்களமாக்கினார்கள். பேச்சு, அரிப்பைப் பற்றி. முதலில் தெள்ளுப்பூச்சி, சிற்றுண்ணி, சொறியும் தோல் ஆகியவற்றின் படங்கள். பிறகு இதமான காட்சிகள். பார்வையாளர்களைக் கேமரா படம்பிடித்தது. பூச்சிப் படங்களின்போது அவர்கள் சொறிந்துகொள்வது கூடியது. அரங்கில் ஒரு பூச்சியும் இல்லை. இந்தப் பத்தியைப் படிக்கையில் உங்கள் கையும் எங்காவது போயிருக்கலாம்.

ஏன் இப்படி? உடலிலிருந்து வரும் செய்தியை அப்படியே பதிவு செய்யும் இயந்திரமாக மூளை வேலை செய்வதில்லை. அது முன்கூட்டியே ஊகிக்கிறது. அடுத்து என்ன வரும் என்று ஒரு சித்திரம் வரைந்து வைத்துக்கொள்கிறது. நரம்பு கொண்டுவரும் செய்தியை அந்தச் சித்திரத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கிறது. நாம் உணர்வது இந்த இரண்டும் கலந்த கலவை. செய்தி தெளிவாக இருந்தால் செய்தி வெல்லும். சுடுசட்டியைத் தொட்டால் ஊகத்துக்கு இடமில்லை. செய்தி மங்கலாக இருந்தால் ஊகம் வெல்லும். தலைக்குள் ஒரு கனம், கன்னத்தில் ஒரு சூடு, வயிற்றில் ஒரு புரட்டல் என்று உடலின் உட்புறச் செய்திகளில் முக்கால்வாசி மங்கலானவையே.

நம் தத்துவ மரபு இதற்கு வைத்திருக்கும் உதாரணம் கயிற்றரவு. அரையிருட்டில் கிடக்கும் கயிறு பாம்பாகத் தெரிகிறது. அது மாயை என்பதோடு பேச்சை முடித்துவிடுவோம். பார்த்தவன் உடம்பை யாரும் கவனிப்பதில்லை. அவன் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, கால் நடுங்குகிறது. நாடியைப் பிடித்துப் பார்த்தால் எகிறிக்கொண்டிருக்கும். அந்த வேர்வையை மாயை என்று சொல்ல முடியாது.

கெடுதல் வரும் என்ற எதிர்பார்ப்பே கெடுதலை உண்டாக்குவதை மருத்துவத்தில் ‘நோசிபோ விளைவு’ என்கிறார்கள். 1961இல் வால்டர் கென்னடி என்பவர் இந்தச் சொல்லை வழக்கில் கொண்டுவந்தார். வெற்று மாத்திரையால் குணமாகும் பிளசீபோ விளைவின் மறுபக்கம் இது. வேதியியல் வழியாகவும் இதைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். இத்தாலியின் ஃபாப்ரீசியோ பெனடெட்டி குழுவினர், அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களிடம் ‘இது வலியைக் கூட்டும்’ என்று சொல்லி ஒன்றுமில்லாத திரவத்தைக் கொடுத்தால் வலி கூடுவதைக் கண்டார்கள். கோலிசிஸ்டோகைனின் என்ற வேதிப்பொருளின் வேலையை நிறுத்தும் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோது, அந்தக் கூடுதல் வலி எழவில்லை. சொல் செவியில் விழுகிறது, நரம்புகளுக்கிடையே ஒரு வேதிப்பொருள் சுரக்கிறது, வலி கூடுகிறது. ‘எல்லாம் மனசுதான்’ என்று தட்டிக்கழிக்க இதில் என்ன இருக்கிறது?

ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க் நகரில், மிகையுணர்வு உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, செல்போன் அலை வருவதாகச் சொன்னார்கள். வரவில்லை. ஆனால் மிகையுணர்வு உள்ளவர்களின் மூளையில், வலியையும் உடல்நிலையையும் கண்காணிக்கும் இன்சுலா, முன் சிங்குலேட் ஆகிய பகுதிகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக விழித்துக்கொண்டன.

எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் சோதித்தார்கள். மைக்கேல் வித்தாஃப்ட், ஜேம்ஸ் ரூபின் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் 147 பேர் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்கு வைஃபையால் உடல்நலம் கெடுவதாகச் சொல்லும் பிபிசி நிகழ்ச்சி. மீதிப் பேருக்கு இணையத் தகவல் பாதுகாப்பு பற்றிய படம். பிறகு எல்லோரையும் 15 நிமிடம் ‘வைஃபை அலை’யில் உட்கார வைத்தார்கள். அலை எதுவும் இல்லை. 54 சதவீதம் பேர் ஏதோ ஓர் அறிகுறியைச் சொன்னார்கள். இரண்டு பேர் தாங்க முடியாமல் பாதியிலேயே எழுந்துவிட்டார்கள். இயல்பிலேயே பதற்றம் மிகுந்தவர்களிடம் அச்சுறுத்தும் படத்தின் தாக்கம் அதிகமாக இருந்தது. செல்போன் அலைகளால் பறவைகள் மடிவதாகக் கதை சொன்ன ‘2.0’ நம் திரையரங்குகளில் 2018இல் ஓடியது. அதன் பிறகு யாருக்காவது கோபுரத்தைப் பார்த்ததும் தலை கனத்திருந்தால் அதில் வியப்பில்லை.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. பயம்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்று சொல்லிவிட்டால் கதை வசதியாக முடிந்துவிடும். ஆனால் பிரெஞ்சு ஆய்வாளர் மாயல் டியூடோனே, மிகையுணர்வு உள்ள 40 பேரிடம் நீண்ட நேரம் பேசி 2016இல் எழுதியது வேறு மாதிரி இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் உபாதை வந்திருக்கிறது. மருத்துவரிடம் போயிருக்கிறார்கள், விடை கிடைக்கவில்லை. தேடி அலைந்தபோது மின்காந்த அலை என்ற விளக்கம் கண்ணில் பட்டிருக்கிறது. பயம் அதற்குப் பின்னால் வந்தது. அதாவது ஊகம் பிறக்கும் முன்பே ஏதோ ஒரு வலி இருந்தது. அது எது?

பல காரணங்கள் இருக்கலாம். சில நேரம் மின்கருவியே காரணம், அலை வழியாக அல்ல. பழைய குழல்விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுமினுக்கும். கண் அதைக் கவனிக்காது, நரம்பு கவனிக்கும். ஆர்னால்டு வில்கின்ஸ் குழுவினர் 1989இல் ஓர் அலுவலகத்தில் விளக்குகளை மினுமினுப்பு இல்லாத வகைக்கு மாற்றிப் பார்த்தார்கள். தலைவலியும் கண் சோர்வும் பாதிக்கும் கீழே இறங்கின. ஸ்வீடனின் உமேயோ நகர ஆய்வாளர்கள், மிகையுணர்வு உள்ளவர்களின் கண்ணும் மூளையும் மினுங்கும் ஒளிக்கு மற்றவர்களைவிடப் பலமாக எதிர்வினை காட்டுவதைக் கண்டார்கள். குளிர்நாட்டு அலுவலகத்தின் வறண்ட காற்று, சூடான திரை, குனிந்த கழுத்து, வேலை நெருக்கடி, தைராய்டு கோளாறு, ரத்தசோகை என்று இன்னும் எத்தனையோ இருக்கலாம். அதனால்தான் இந்தச் சிகிச்சையில் மனநல நிபுணருக்கு முன்னால் பொது மருத்துவர் வருகிறார். அவரோடு வீட்டையும் அலுவலகத்தையும் பார்வையிட ஒருவரும் வருகிறார்.

தொடக்கம் எதுவானாலும், பிறகு ஒரு சுழல் உருவாகிறது. ஒருவருக்குத் தலை வலிக்கிறது. சுற்றிப் பார்த்தால் ஒரு வைஃபை பெட்டியாவது தென்படாத இடம் இன்று கிடையாது. ‘இதனால்தான்’ என்று மனம் முடிச்சுப் போடுகிறது. அடுத்த முறை அந்தப் பெட்டியைப் பார்த்ததுமே உடல் தயாராகிறது. மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும், தலை சுற்றும். ரத்தத்தின் காரத்தன்மை கூடும். விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மரமரக்கும். ‘பார், அலை வேலை செய்கிறது’ என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி வேண்டுமா? எழுந்து வெளியே போகிறார். சில நிமிடத்தில் மூச்சு சீராகிறது, மரமரப்பு போகிறது. விலகியதால் சரியாயிற்று என்பது இன்னும் ஆழமாகப் பதிகிறது. விலகி விலகிப் போகிறவருக்கு, விலகாமல் இருந்தாலும் சரியாகியிருக்கும் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே கிடைப்பதில்லை.

இந்தச் சுழலைத்தான் ‘சிந்தனை நடத்தைச் சிகிச்சை’ குறிவைக்கிறது. நாம் நினைப்பதும் செய்வதும் உடல் உணர்வதும் ஒன்றையொன்று இழுக்கும் கண்ணிகள். ஒன்றைத் தளர்த்தினால் மற்றவையும் தளரும் என்ற அடிப்படையில் அமைந்த பேச்சுச் சிகிச்சை அது. மின்காந்த மிகையுணர்வுக்கு இதை முதலில் முறையாகப் பயன்படுத்திப் பார்த்தவர்களில் ஸ்வீடன் நாட்டினர் முக்கியமானவர்கள். அவர்களுக்குத்தான் தேவை அதிகமாக இருந்தது.

இதன் தந்திரமெல்லாம் தொடக்கத்திலேயே இருக்கிறது. ‘அலைக்கும் உங்கள் வலிக்கும் சம்பந்தமில்லை’ என்று சிகிச்சையாளர் ஆரம்பிப்பதில்லை. ஆரம்பித்தால் அடுத்த வாரம் நாற்காலி காலியாகத்தான் இருக்கும். பல மருத்துவர்களிடம் ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று கேட்டுக் கேட்டுச் சலித்த மனிதர் அவர். எனவே காரணத்தைப் பற்றிய வழக்கை ஓரமாக வைத்துவிட்டு, ‘இந்தத் தொந்தரவு உங்களிடமிருந்து எதையெல்லாம் பறித்துவிட்டது? எதைத் திரும்பப் பெற வேண்டும்?’ என்று பேச்சு தொடங்குகிறது. பேத்தி வீட்டில் ஒரு நாள் தங்க வேண்டும், திரும்ப வேலைக்குப் போக வேண்டும் என்பது போன்ற பதில்களே சிகிச்சையின் இலக்குகள்.

அடுத்து நாட்குறிப்பு. கட்டம் போட்ட எளிய தாள். ஒரு வரி இப்படி இருக்கும்: செவ்வாய், காலை 10.40, கணினி முன், கன்னத்தில் எரிச்சல், பத்துக்கு ஆறு, முந்தைய இரவு நாலு மணி நேரத் தூக்கம், காலையில் வெறும் காபி, மேலதிகாரியோடு வாக்குவாதம், மனதில் ஓடியது ‘இன்றைக்கும் ஆரம்பித்துவிட்டது’. இரண்டு மூன்று வாரம் எழுதினால் தாளே பேசத் தொடங்கும். கணினி ஓடிய எல்லா நாளும் எரிந்துவிடவில்லை. தூக்கம் கெட்ட நாளில் கூடியது. ஞாயிற்றுக்கிழமை அதே கணினியில் இரண்டு மணி நேரம் படம் பார்த்தபோது ஒன்றுமில்லை. இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவர் கையெழுத்திலேயே இருக்கிறது.

கூடவே பயிற்சிகள். மூச்சைத் தாழ்த்தி மெதுவாக்குவது. இறுகிய தசைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துவது. கவனத்தை உடலிலிருந்து வெளியே திருப்பி, கேட்கும் ஒலிகளிலும் செய்யும் வேலையிலும் நிறுத்திப் பழகுவது. வேண்டுமென்றே ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விட்டுப் பார்க்கச் சொல்வதும் உண்டு. எந்தக் கருவியும் இல்லாத அறையில் அதே மரமரப்பு, அதே தலைச்சுற்றல் எழும்போது பலருக்கு அதுவே ஒரு திறப்பு.

பிறகுதான் கடினமான படி. ஒதுக்கி வைத்த கருவிகளை நோக்கிச் சிறிது சிறிதாகத் திரும்பி வருவது. முதலில் அணைத்து வைத்த செல்போன் மேசையில், பத்து நிமிடம். அடுத்த வாரம் இயங்கும் செல்போன் அறையின் மறுமூலையில். அதற்கடுத்து அருகில். ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் ‘என்ன நடக்கும்?’ என்று எழுதி வைக்கிறார். முடிந்ததும் ‘என்ன நடந்தது?’ என்று எழுதுகிறார். எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் இடையில் விழும் அந்த இடைவெளிதான் மருந்து. மூளை தன் சித்திரத்தைத் திருத்துவது ஊகம் பொய்க்கும் தருணங்களில்தான்.

இதில் இன்னொரு வியப்பு. பழைய பயம் அழிவதில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்பே பாவ்லவ் தன் நாய்களிடம் கண்டார்: மணியடித்தும் உணவு தராமலேயே இருந்தால் எச்சில் ஊறுவது நின்றுவிடும்; சில நாள் கழித்து மணியடித்தால் மறுபடி ஊறும். பழைய பாடம் உள்ளே பத்திரமாக இருக்கிறது. ‘இது ஆபத்தில்லை’ என்ற புதிய பாடம் அதன் பக்கத்திலேயே எழுதப்படுகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி, அச்ச மையமான அமிக்டலாவை அமைதிப்படுத்த இந்தப் புதிய பாடத்தைப் பயன்படுத்துகிறது. அதனால்தான் ஒரே அறையில் ஒரே கருவியோடு பழகினால் போதாது. வீடு, அலுவலகம், ரயில் என்று பல இடங்களில் பழக வேண்டும். நடுவில் ஒரு நாள் பழைய வலி எட்டிப் பார்த்தால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று பொருளும் இல்லை.

பலன்? 1998இல் லேனா ஹில்லர்ட் தலைமையில் வெளியான ஸ்வீடன் ஆய்வில் 22 நோயாளிகள். அவர்களில் 10 பேருக்கு இந்தச் சிகிச்சை. மருத்துவர், பல் மருத்துவர், உளச்சிகிச்சையாளர் எல்லோரும் சேர்ந்து கவனித்தார்கள். முடிவில் சிகிச்சை பெற்றவர்கள், தங்கள் மிகையுணர்வு மற்ற குழுவினர் சொன்னதைவிடக் குறைவு என்று மதிப்பிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, முன்பு தூண்டுதலாக இருந்தவற்றால் வரும் சங்கடமும் குறைந்திருந்தது. ரூபின் குழுவினர் 2006இல், இந்தத் தொல்லைக்குக் கொடுத்துப் பார்த்த பலவகைச் சிகிச்சைகளின் ஒன்பது சோதனைகளைத் தொகுத்தார்கள். திரைவடிகட்டி, அலைத்தடுப்பு, சத்து மாத்திரை, அக்குபங்சர், சிந்தனை நடத்தைச் சிகிச்சை எல்லாம் அதில் இருந்தன. ஓரளவு நம்பத்தகுந்த பலன் தந்தது கடைசியில் சொன்னதே. அந்த ஆய்வுகள் சிறியவை, தரத்திலும் குறையுள்ளவை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. நானும் மறைக்க விரும்பவில்லை. பத்துப் பேரை வைத்து உலகத்துக்கே மருந்து எழுத முடியாது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவை வேறு இரண்டு ஆய்வுகள். கிங்ஸ் கல்லூரிக் குழு, மறைப்புச் சோதனையில் கலந்துகொண்டவர்களிடம் பின்னர் அவரவர் மதிப்பெண்ணைச் சொன்னது: ‘அலை எப்போது வந்தது, எப்போது வரவில்லை என்று உங்களால் பிரித்தறிய முடியவில்லை.’ ஒப்புக்கொள்ளக்கூடிய, தெளிவான சான்று. ஆனால் அதனால் அவர்களுடைய நம்பிக்கையும் குறையவில்லை, அறிகுறிகளும் குறையவில்லை.

நெதர்லாந்தில் வேறு விதமாகச் செய்தார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வில் 42 பேர். சோதனைக்கூடத்துக்கு அவர்களை வரவழைக்கவில்லை. கருவி அவர்களைத் தேடிப் போனது. எந்த வகை அலை, எவ்வளவு வலு, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அவரவர் அனுபவத்துக்கேற்ப அமைந்தது. ‘என் உடம்பு இதற்குத்தான் எதிர்வினை காட்டும்’ என்று அவர்களே நம்பிய நிலைமையில் இரட்டை மறைப்புச் சோதனை நடந்தது. குருட்டாம்போக்கில் சொல்வதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு இரண்டு மாதத்திலும் நான்கு மாதத்திலும் விசாரித்தபோது அறிகுறிகள் முன்பைவிடக் குறைந்திருந்தன. யாரும் அவர்களுக்குச் சிகிச்சை அளிக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாததால் இதைக் கொண்டு அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நாட்குறிப்பும் படிப்படியான பழக்கமும் ஏன் பலன் தருகின்றன என்பதற்கு இதில் தடயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். பிறர் சொன்ன உண்மை காதோடு நின்றுவிடுகிறது. தானே கேள்வி கேட்டு, தன் உடம்பிலேயே பார்த்த உண்மை மூளை வரைந்து வைத்திருக்கும் சித்திரம் வரை போகிறது.

உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ யாராவது, டவர் வந்ததிலிருந்து தலை வலிக்கிறது, வைஃபை போட்டதிலிருந்து தூக்கமில்லை என்று சொன்னால், ‘அதெல்லாம் பிரமை’ என்று சொல்லாதீர்கள். அலையைத் தடுப்பதாக விற்கும் ஸ்டிக்கருக்கும் பதக்கத்துக்கும் காசைக் கொட்டவும் விடாதீர்கள். முதலில் பொது மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ரத்த அழுத்தம், தைராய்டு, ரத்தசோகை, கண் பார்வை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் மினுமினுக்கும் விளக்கு இருந்தால் மாற்றுங்கள். அதன் பிறகும் தொந்தரவு நீடித்தால், சிந்தனை நடத்தைச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற மருத்துவ உளவியலாளர் ஒருவரைப் பாருங்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால், அரசின் ‘டெலி மானஸ்’ இலவச மனநல உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம்.